அப்பா வந்தால் புத்தகத்தை மூடுகிறாள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. மற்ற பாடமெல்லாம் பரவாயில்லை, கணக்கில் ஆயத்தொலை வடிவியல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. சூத்திரமெல்லாம் மனப்பாடம். ஆனால் சாய்வு கண்டுபிடிக்கச் சொன்னால் மேலே போடவேண்டியதைக் கீழே போடுகிறாள், கழித்தல் குறியை விட்டுவிடுகிறாள். வீட்டுக்காரர் கொத்தனார். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் வேலைக்குப் போய் இருட்டித்தான் வருவார். எட்டாவது வரை படித்தவர், அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவர் வந்தாலே இவள் புத்தகத்தை மூடிவிடுவாள். தென்காசியில் தனி டியூஷன் வைக்கலாமா?
- ஒரு தாய், புளியரை

பதில்: டியூஷனை அப்புறம் பார்க்கலாம். 'அவர் வந்தாலே புத்தகத்தை மூடிவிடுவாள்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். ஏன் மூடுகிறாள்? பயம் என்றால் அதை எழுதியிருப்பீர்கள். சிமெண்ட் கையோடு வருகிற அப்பாவுக்கு இது எட்டாது என்று முடிவு கட்டிவிட்டாள். அது அவளாகக் கட்டிய முடிவு இல்லை, தங்கச்சி. அதற்கு முந்தின வரியிலேயே 'அவருக்கு என்ன தெரியும்' என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் அதைச் சொல்லும்போது பிள்ளை காதில் விழாமலா இருந்திருக்கும்?

அவருக்கு என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன். குளியலறைத் தரைக்கு அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் விடுவார்கள். பன்னிரண்டு இஞ்ச் போனால் கால் இஞ்ச் இறங்கும். மகள் புத்தகத்தில் சாய்வு என்று போட்டிருப்பது இந்த வாட்டத்தைத்தான். இறங்கின அளவு மேலே, போன அளவு கீழே. 48-ல் 1 பங்கு வரும். தலைகீழாகப் போட்டால் 48 வரும். அது தரையே இல்லை, கிட்டத்தட்ட சுவர். வாட்டம் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு அந்த விடையைப் பார்த்ததுமே உறுத்தும். குறியும் அப்படித்தான். படத்தில் அந்தக் கோட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் வலப்பக்கம் ஓடுமா? கழித்தல். இடப்பக்கம் ஓடுமா? கூட்டல். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் சாய்வு பூஜ்யம். தூக்குக்குண்டு நூலுக்குச் சாய்வு சொல்லவே முடியாது, ஏனென்றால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும்.

அப்புறம், அஸ்திவாரத்துக்கு மூலை பார்ப்பது. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து ஆணி அடித்துக் குறுக்கே டேப் பிடிப்பார்கள். 5 அடி வந்தால் மூலை சரி. அவள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற தொலைவுச் சூத்திரம் இதுவேதான். (3, 0), (0, 4) என்று புள்ளி வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 9-ம் 16-ம் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. புள்ளியை எண்ணாக்கும் இந்த வடிவியலைப் பிரான்ஸ் நாட்டு டெக்கார்ட் 1637-ல் புத்தகமாக வெளியிட்டார். நூல் பிடித்து மூலை பார்க்கிற வேலை அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது.

சூத்திரம் அவருக்குத் தெரியாதுதான். அதை மகள் சொல்லட்டும். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே எது மேலே, எது கீழே என்று பிடிபடும். எந்தக் கணக்கானாலும் முதலில் கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் படம் போடவேண்டும். முக்கோணப் பரப்புக்குப் புள்ளிகளைக் கடிகாரம் சுற்றுகிற திசைக்கு எதிராக எடுக்கவேண்டும். படம் இல்லாமல் அந்த வரிசையை எப்படிப் பார்ப்பாள்? படம் போட்டு இரண்டு வாரம் பழகியும் வரவில்லை என்றால் டியூஷன் வையுங்கள், நான் தடுக்கவில்லை.

ஆனால் வீட்டுக்குச் சோறு போடுகிற தொழிலைப் பிள்ளை மதிக்கப் பழக்குவது உங்கள் கடமை, அதற்கு எந்த ஊரிலும் டியூஷன் கிடையாது. இன்னும் ஏழெட்டு வருஷத்தில் அவள் வேலைக்குப் போவாள். அன்றைக்கும் அப்பாவைக் கண்டால் எதையாவது மூடி வைப்பாள். அது உங்களுக்குச் சம்மதமா?

இன்று ராத்திரி அவர் வந்து கைகால் கழுவிவிட்டு உட்காரட்டும், சாப்பிடட்டும். அலுத்து வந்திருக்கிறார் என்று நீங்கள் குறுக்கே போகாதீர்கள். அவளுக்காக நீங்கள் கேட்டும் வைக்காதீர்கள். புத்தகத்தைத் திறந்தபடியே கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்து, அவள் வாயால் கேட்கட்டும்: "அப்பா, இன்னைக்கு எந்தத் தரைக்கு வாட்டம் போட்டீங்க?"