பின்தொடர்வோர் நிறைய, வரவு எங்கே? கிரிப்டோ கேள்வி-பதில்

கேள்வி: எக்ஸ் தளத்தில் கிரிப்டோ பற்றித் தொடர்ந்து எழுதுகிறேன். 18,000 பேர் பின்தொடர்கிறார்கள். இதுவரை ஒரு டாலர்கூட வரவில்லை. எங்கே கோளாறு?

பதில்: உங்களிடம் காசு கொடுத்து வாங்க என்ன இருக்கிறது என்று படிக்கிறவருக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

முதலில் அந்த 18,000 பேர் யார் என்று பாருங்கள். இந்தத் துறையில் சேரும் கூட்டத்தில் பாட்கள் (தானியங்கிக் கணக்குகள்) உண்டு. ஏர்டிராப் (இலவசமாகப் பகிரும் டோக்கன், அதாவது கிரிப்டோ நாணயம்) ஆசையில் ‘பின்தொடர், ரீபோஸ்ட் செய்’ வேலையை முடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. உங்களைப் போலவே எழுதிக்கொண்டு, பதிலுக்கு லைக் எதிர்பார்ப்பவர்களும் உண்டு. இவர்கள் யாரும் பணம் எடுத்து வைக்க மாட்டார்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி: இலவச மின்னஞ்சல் மடல் ஒன்று தொடங்கி, அதன் இணைப்பை ஒரு வாரத்தில் மூன்று முறை பதிவிடுங்கள். 200 பேர் சேர்ந்தால், உங்கள் ஆட்கள் அந்த 200 பேர்தான். கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள். எக்ஸ் கணக்கு முடக்கப்பட்டாலும் அந்த முகவரிகள் உங்கள் கையில் இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

அடுத்து, பணம் தரக்கூடியவர் யார்? கிரிப்டோ ப்ராஜெக்ட்டின் (நாணயமோ சேவையோ நடத்தும் குழுவின்) விளம்பர நிதி முதலில் கண்ணில் படும். சந்தை இறங்கினால் முதலில் வற்றுவதும் அதுதான். அதே ப்ராஜெக்ட்டுக்குக் கையேடு எழுத, டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் மாடரேட்டராக இருக்க, மொழிபெயர்க்க, கவர்னன்ஸ் முன்மொழிவுகளை (டோக்கன் வைத்திருப்போர் வாக்களிக்கும் தீர்மானங்களை) சுருக்கித் தர ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்கு மாதச் சம்பளம் கிடைக்கும், பின்தொடர்வோர் எண்ணிக்கையையும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. எங்களைக் கேட்டால் முதல் வருமானத்தை இங்கே தேடச் சொல்வோம். உங்கள் பதிவுகள் அந்த வேலைக்கான மாதிரிகள்.

அதனால் ‘கிரிப்டோ ஆர்வலர்’ என்ற அறிமுக வரியை இன்றே எடுத்துவிடுங்கள். ‘லேயர்-2 பிரிட்ஜ்கள், கட்டணங்கள் பற்றிப் புதியவர்களுக்குப் புரியும் கையேடு எழுதித் தருகிறேன்’ என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள் (லேயர்-2 என்பது முதன்மை நெட்வொர்க்கின் மேல் ஓடும் மலிவான நெட்வொர்க், பிரிட்ஜ் என்பது நெட்வொர்க்குகளுக்கு இடையே நாணயத்தை மாற்றும் சேவை). உங்கள் பக்கத்தின் உச்சியில் நிலையாக வைக்கும் பதிவில் மூன்று மாதிரிகள், தொடர்பு முகவரி, எத்தனை நாளில் முடித்துத் தருவீர்கள் என்ற தகவல் இருக்கட்டும். பிறகு நீங்களே பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டுகளில் பத்தைத் தேர்ந்து, அவற்றின் கையேட்டில் காலாவதியான ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து, திருத்திய வடிவத்தோடு எழுதுங்கள். ‘கொலாப் செய்யலாமா?’ என்று மட்டும் போகும் செய்திகளை அங்கே யாரும் திறப்பதுகூட இல்லை.

கேள்வி: எண்ணிக்கையை உயர்த்திக் காட்ட, பின்தொடர்வோரை விலைக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 40,000 பேர் இருக்கும் கணக்கின் பதிவுக்கு 12 லைக்தான் விழுகிறது என்றால், விளம்பரம் தர வந்தவர் அதைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விடுவார்.

கேள்வி: ஒரு ப்ராஜெக்ட் விலை கேட்கிறது. எவ்வளவு சொல்வது, எப்படிப் பேசுவது?

பதில்: பின்தொடர்வோரை வைத்து விலை சொன்னால் உங்களைவிடப் பெரிய கணக்கு எப்போதும் ஒன்று இருக்கும். வேலையை வைத்துச் சொல்லுங்கள். படிக்க, சோதித்துப் பார்க்க, எழுத, திருத்த எத்தனை மணி நேரம் ஆகும் என்று கூட்டி, உங்கள் ஒரு மணி நேர விலையால் பெருக்கி, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு வையுங்கள். பேச்சுவார்த்தை, காத்திருப்பு, வராத பாக்கி எல்லாம் அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் கழியும்.

பேசியதை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை கட்டுரை, எத்தனை சொல், எந்தத் தேதி, எத்தனை திருத்தம் (இரண்டுக்கு மேல் தனிக் கட்டணம்), முன்பணம் பாதி, மீதி ஒப்படைத்து ஏழு நாளுக்குள், எந்த ஸ்டேபிள்காயின் (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் நாணயம்), எந்த நெட்வொர்க் (அது ஓடும் பிளாக்செயின்), அனுப்பும் கட்டணம் யாருடையது. டெலிகிராம் அரட்டையை மட்டும் நம்ப வேண்டாம், எதிராளி இரு பக்கச் செய்திகளையும் அழித்துவிட முடியும். மின்னஞ்சலில் ஒரு பிரதி இருக்கட்டும். ‘முதல் கட்டுரை மட்டும் இலவசமாக’ என்று கேட்டால், அரைப் பக்க மாதிரிக்குக் குறைந்த விலை ஒன்று சொல்லிப் பாருங்கள். அதையும் தர மறுப்பவர் முழு வேலைக்குத் தரப்போவதில்லை.

கேள்வி: சம்பளமாக 50,000 டோக்கன் தருகிறார்கள். இன்றைய விலை 10 சென்ட், அதாவது 5,000 டாலர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அந்த 5,000 டாலர் இப்போதைக்கு ஏட்டுச் சுரைக்காய். மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, வெஸ்டிங், அதாவது டோக்கன் தவணை முறையில் கைக்கு வரும் ஏற்பாடு. ‘ஆறு மாதம் கிளிஃப், பிறகு 12 மாதம் சமமாக’ என்றால், முதல் ஆறு மாதம் கையில் எதுவும் வராது. அதன்பின் மாதம் சுமார் 4,167 டோக்கன் வீதம் கிடைக்கும். கடைசித் தவணை வர ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை விலை 10 சென்ட்டிலேயே நிற்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

இரண்டு, லிக்விடிட்டி, அதாவது விலை சரியாமல் எவ்வளவு விற்க முடியும் என்பது. பலர் கோட்டை விடும் இடம் இதுதான், அதனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூனிஸ்வாப் என்ற பரிமாற்றத் தளத்தின் இரண்டாம் பதிப்பு போன்ற பூலில் (இரண்டு நாணயங்களைச் சேர்த்துவைத்து மாற்றிக்கொள்ளும் பொதுக் கிடங்கில்) ஒரு பக்கம் 20,000 டாலர் ஸ்டேபிள்காயின், மறுபக்கம் 2,00,000 டோக்கன் இருக்கிறது என்று வையுங்கள். விலை 10 சென்ட். இரு பக்கத்தின் பெருக்குத்தொகை மாறக்கூடாது என்பது அந்தப் பூலின் விதி. உங்கள் 50,000 டோக்கனை ஒரே வீச்சில் போட்டால் டோக்கன் பக்கம் 2,50,000 ஆகும், டாலர் பக்கம் 16,000 ஆக இறங்கும். உங்களுக்கு வருவது 4,000 டாலர், விலையோ 6.4 சென்ட்டுக்கு விழுந்திருக்கும். பூலில் 5,000 டாலரும் 50,000 டோக்கனும் மட்டுமே இருந்தால் 2,500 டாலர்தான் கிடைக்கும், விலை 2.5 சென்ட். இது கட்டணத்தைக் கழிக்காத கணக்கு. உங்களோடு சேர்ந்து மற்ற ஊழியர்களுக்கும் அதே நாளில் டோக்கன் விடுவிக்கப்படும், அவர்களும் அதே பூலில்தான் விற்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, மொத்த டோக்கனில் இன்னும் வெளிவராதது எவ்வளவு? 10 சதவீதம்தான் புழக்கத்தில் இருக்கிறது என்றால், மீதி 90 சதவீதம் வருங்கால விற்பனை அழுத்தம்.

எங்கள் யோசனை: உங்கள் மாதச் செலவை ஈடுகட்டும் தொகை ஸ்டேபிள்காயினில். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் டோக்கனாகத் தரட்டும். டோக்கனை எண்ணிக்கையில் நிர்ணயிக்காமல், ‘500 டாலர் மதிப்பு, பணம் தரும் நாளுக்கு முந்தைய ஏழு நாள் சராசரி விலையில்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எக்ஸ்சேஞ்சுக்கு (கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்துக்கு) ஆள் சேர்க்கும் ரெஃபரல் இணைப்பில் நல்ல வருமானம் என்கிறார்களே?

பதில்: ஸ்பாட் (நாணயத்தை நேரடியாக வாங்கி விற்கும்) வர்த்தகத்தில் கட்டணம் 0.1 சதவீதம், உங்கள் பங்கு அதில் 20 சதவீதம் என்று வைப்போம். ஒருவர் மாதம் 1,000 டாலருக்கு வர்த்தகம் செய்தால் கட்டணம் ஒரு டாலர், உங்களுக்கு 20 சென்ட். 100 பேர் அப்படிச் செய்தால்தான் 20 டாலர். பதிவு செய்துவிட்டு ஒதுங்கியவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

பெரிய தொகை ஃப்யூச்சர்ஸில் (விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும் வர்த்தகத்தில்) வருகிறது, காரணமும் வெளிப்படை. 100 டாலரை 20 மடங்கு லெவரேஜில் (கடன் பலத்தில்) போட்டால் 2,000 டாலருக்குக் கட்டணம். 0.05 சதவீதம் என்றாலும் திறக்க ஒரு டாலர், மூட ஒரு டாலர். வாசகரின் மூலதனத்தில் 2 சதவீதம் ஒரே வர்த்தகத்தில் கட்டணமாகப் போயிற்று. அவர் மூலதனம் கரையும்வரை உங்களுக்கு வரவு, கரைந்த பிறகு வாசகரும் இல்லை, வரவும் இல்லை. ஸ்பாட், ஹார்டுவேர் வாலட் (நாணயச் சாவிகளைக் காக்கும் கருவி), வரிக் கணக்கு மென்பொருள் ஆகியவற்றின் ரெஃபரலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிரிட்டனில் 2023 அக்டோபர் 8 முதல் கிரிப்டோவுக்கு ‘நண்பரை அழைத்து வந்தால் போனஸ்’ போன்ற ஊக்கத்தொகைகளே தடை. உங்கள் வாசகர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

கேள்வி: விளம்பரமே பிடிக்கவில்லை. வேறு வழி?

பதில்: இருக்கிறது, உங்கள் கூட்டம் நேரடியாக உதவும் வழியும்கூட. பொதுப்பணிகளுக்கு நிதி திரட்டும் கிட்காயின் தளம் 2019 முதல் நடத்திவந்த கிராண்ட் (நன்கொடை நிதி) சுற்றுகள் ‘குவாட்ராடிக் ஃபண்டிங்’ முறையில் அமைந்தவை. ஒவ்வொரு நன்கொடையின் வர்க்கமூலத்தையும் கூட்டி, கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்துவார்கள். ஒருவர் மட்டும் 100 டாலர் கொடுத்தால் மதிப்பெண் 100. நூறு பேர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் 100 × 100, அதாவது 10,000. பொது நிதி இந்த விகிதத்தில் பிரிகிறது. ஆகவே இங்கே ஆள் எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு. ஒரே ஆள் பல வாலட்டில் போடுவதைப் பிடிக்கச் சோதனைகள் உண்டு, சிக்கினால் அந்த நன்கொடைகளைக் கணக்கிலிருந்து நீக்குவார்கள். சுற்று தொடங்குவதற்கு முன்பே உங்கள் இலவச வேலையை (மொழிபெயர்ப்பு, பாடம், கருவி) பொதுவில் வைத்திருக்க வேண்டும்.

ஆப்டிமிசம் போன்ற நெட்வொர்க்குகள் ஏற்கெனவே செய்து முடித்த பொதுப்பணிக்குப் பின்னோக்கிப் பணம் தந்திருக்கின்றன. அதன் மூன்றாம் சுற்றில் ஒதுக்கியது 3 கோடி ஓபி (ஆப்டிமிசத்தின் சொந்த) டோக்கன். விண்ணப்பத்தில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்’ என்று எழுதினால் எடுபடாது. எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், எங்கே பார்க்கலாம் என்று எண்ணோடு இணைப்பும் தேவை.

நிரல் தெரிந்தவர் என்றால், நிரல் பிழையைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தரும் இம்யூனிஃபை, கோட்அரீனா தளங்களைப் பாருங்கள். 2022-இல் வார்ம்ஹோல் பிரிட்ஜில் ஒரு பிழையைச் சொன்னவருக்கு ஒரு கோடி டாலர் கிடைத்தது. விதிவிலக்கான தொகைதான், என்றாலும் அங்கே பெயர் புகழ் எதுவும் கேட்பதில்லை.

கேள்வி: பதிவு போட்டால் பாயின்ட், பாயின்ட்டுக்கு ஏர்டிராப் என்கிறார்கள். இதை வருமானமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: லாட்டரியாக எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் தன் பழைய பயனாளர்களுக்கு வாலட்டுக்கு 400 யூனி (அதன் சொந்த டோக்கன்) தந்தபோது யாரும் அதை எதிர்பார்த்து உழைக்கவில்லை. இப்போது எல்லோரும் எதிர்பார்த்து உழைக்கிறார்கள், பங்கு மெலிந்துவிட்டது. பாயின்ட்டுக்கு எத்தனை டோக்கன் என்பதைக் கடைசி நாள் வரை மாற்றும் உரிமையும் ப்ராஜெக்ட்டிடமே இருக்கிறது.

கேள்வி: பணம் வாங்கி எழுதிய பதிவில் ‘விளம்பரம்’ என்று கடைசியில் போட்டால் போதாதா?

பதில்: போதாது. 2022 அக்டோபரில் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 12.6 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தார். எத்தீரியம்மேக்ஸ் டோக்கன் பற்றிய அவர் பதிவில் விளம்பரக் குறி இருந்தது. பதிவுக்காக 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. முதல் வரியிலேயே யார் பணம் தந்தது, எவ்வளவு, அந்த டோக்கன் உங்களிடம் இருக்கிறதா என்று எழுதுங்கள். தொடர்பதிவு என்றால் முதல் பதிவில், காணொளி என்றால் வாயாலும் சொல்ல வேண்டும். ‘சொல்லாமல் போடுங்கள், கூடுதலாகத் தருகிறோம்’ என்பவரை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெரிய நிறுவனம் ஒன்று ஒத்துழைப்புக்கு அழைத்து, பேச ஒரு மீட்டிங் செயலியை நிறுவச் சொல்கிறது. நிறுவலாமா?

பதில்: நிறுவாதீர்கள். கணக்கு வளர்ந்ததும் வரும் முதல் ‘வாய்ப்பு’ பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெயர் தெரியாத மீட்டிங் செயலி, ‘சோதித்துப் பார்க்க’ ஒரு கேம், பிடிஎஃப் போலத் தெரியும் ஒப்பந்தக் கோப்பு: மூன்றுக்குள்ளும் பிரவுசரில் சேமித்த கடவுச்சொல், லாகின் குக்கி, வாலட் கோப்பு ஆகியவற்றைத் திருடும் நிரல் இருக்கலாம். குக்கி போய்விட்டால் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் காப்பாற்றாது. இன்னொரு வகை, சந்திப்பு நேரம் குறிக்க என்று வரும் இணைப்பு. அது உங்கள் எக்ஸ் கணக்கில் பதிவிடும் அனுமதியைக் கேட்கும். யோசிக்காமல் ‘அனுமதி’ அழுத்தினால், அடுத்த மணியில் உங்கள் பெயரில் போலி டோக்கன் விற்பனை நடக்கும்.

நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் செயலியில், நீங்களே உருவாக்கிய இணைப்பில்தான் பேசுவேன் என்று சொல்லுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்குத் தனியாக எழுதி ஆளை உறுதிசெய்யுங்கள். சம்பளம் வாங்க ஒரு தனி வாலட் வையுங்கள், அதை எந்தத் தளத்தோடும் இணைக்க வேண்டாம். பணம் வாங்க முகவரி மட்டும் போதும். ‘வாலட்டை இணைத்துச் சரிபார்க்க வேண்டும்’ என்றாலே திருட்டு. எஸ்எம்எஸ் சரிபார்ப்பை விட்டுவிட்டு ஆதென்டிகேட்டர் செயலிக்கோ பாதுகாப்புச் சாவிக்கோ மாறுங்கள். 2024 ஜனவரி 9 அன்று கர்தாஷியன்மீது நடவடிக்கை எடுத்த அதே அமெரிக்க ஆணையத்தின் எக்ஸ் கணக்கே சிம் மாற்று மோசடியில் (தொலைபேசி எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்வது) பறிபோய், பிட்காயின் இடிஎஃப்புக்கு (பங்குச் சந்தையில் வாங்கும் பிட்காயின் நிதிக்கு) அனுமதி என்று பொய்ச் செய்தி வெளியானது.

கேள்வி: ஸ்டேபிள்காயினாக வந்த பணத்தை வங்கிக்குக் கொண்டுவரும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: நெட்வொர்க் முதலில். யுஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயின் டிரான் நெட்வொர்க்கிலும் உண்டு, எத்தீரியத்திலும் உண்டு. உங்கள் எக்ஸ்சேஞ்ச் ஆதரிக்காத நெட்வொர்க்கில் வந்தால் மீட்பது பெரும்பாடு. முதல் முறை 5 டாலர் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நகலெடுக்க வேண்டாம். முதல் நாலு, கடைசி நாலு எழுத்து ஒத்த முகவரியிலிருந்து பூஜ்ஜியத் தொகை அனுப்பி அந்தப் பட்டியலில் ஏறிக்கொள்ளும் மோசடி பரவலாக நடக்கிறது. எக்ஸ்சேஞ்ச் வழியே தனி ஆளுக்கு நேரடியாக விற்கும்போது, வாங்குபவரின் வங்கிக் கணக்கின் பெயரும் எக்ஸ்சேஞ்சில் சரிபார்த்த பெயரும் ஒன்றாக இல்லையென்றால் பணத்தை ஏற்காமல் விற்பனையை ரத்து செய்யுங்கள். திருட்டுப் பணமாக இருந்தால் முடங்குவது உங்கள் கணக்கு.

வாங்கிய தேதி, அளவு, அன்றைய மதிப்பு, பரிவர்த்தனை எண், இன்வாய்ஸ் எண் என்று ஐந்து பத்தி கொண்ட ஒரு தாள் போதும். பல நாடுகளில் பெற்ற நாளின் மதிப்பு வருமானமாகவும், பிறகு விற்கும்போது ஏறியது தனி லாபமாகவும் கணக்காகும். டோக்கனாக வாங்கியவர்கள் வரிக்கான பங்கை அன்றே விற்றுத் தனியே வையுங்கள். விலை பாதியாகிவிட்டாலும் வரி பழைய மதிப்புக்குத்தான் வரும்.

கேள்வி: வேலையை முடித்துக் கொடுத்து ஒரு மாதமாகியும் பாக்கி வரவில்லை. என்ன செய்வது?

பதில்: இன்வாய்ஸை மின்னஞ்சலில் மறுபடி அனுப்பி, ஏழு நாள் கெடு கொடுங்கள். சமூக மேலாளரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல், நிதிப் பொறுப்பாளரின் பெயரைக் கேட்டு வாங்கி அவருக்கே எழுதுங்கள். டிஏஓ (உறுப்பினர் வாக்கால் நடக்கும் பிளாக்செயின் அமைப்பு) என்றால் அதன் கருவூல முகவரி பொதுவில்தான் இருக்கும், மற்றவர்களுக்குப் பணம் போயிருக்கிறதா என்று பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளத்தில்) பார்க்கலாம். போயிருந்தால் அந்த இணைப்போடு கவர்னன்ஸ் மன்றத்தில் மரியாதையாக ஒரு பதிவு போடுங்கள், பெரும்பாலும் அசைவார்கள். கருவூலமே காலி என்றால் அடுத்த வேலைக்கு நகருங்கள். முன்பணம் பாதி வாங்கியிருந்தால் நட்டமும் பாதிதான்.