சென்டினல், லேண்ட்சாட் படங்களை ஒரே கட்டத்துக்கு மாற்றியும் ராமேசுவரம் கரைக்கோடு ஏன் பொருந்தவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: பாம்பன் முதல் அரிச்சல்முனை வரையிலான கரை மாற்றத்தைப் பார்க்க, சென்டினல்-2, லேண்ட்சாட்-8 ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களின் படங்களையும் 30 மீட்டர் பிக்சலுக்குக் கொண்டுவந்தீர்கள், இரண்டுமே யூடிஎம் (இடத்தை மீட்டரில் குறிக்கும் வரைபட முறை) 44 வடக்கு மண்டலம், மறுமாதிரிக்கு (படத்தைப் புதிய கட்டத்துக்கு மாற்றிக் கணக்கிடுவதற்கு) மென்பொருள் தானாகக் காட்டிய அண்மைப் பிக்சல் முறையையே விட்டுவிட்டீர்கள். இப்போது தீவின் வடகடல் பக்கம் முழுக்க அரிப்பும், தென்கடல் பக்கம் முழுக்க மணல் சேர்வதும் தெரிகிறது, இது உண்மையா?

உண்மையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாக் விரிகுடாக் கரையும் மன்னார் வளைகுடாக் கரையும் அலையாலும் நீரோட்டத்தாலும் வெவ்வேறு விதமாக மாறுபவை. இரண்டு கரைகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவில், ஒரே திசையில் நகர்ந்தால் நகர்ந்தது கரையல்ல, படம். படம் தெற்கே சற்றுத் தள்ளினால் வடகரை கடலுக்குப் போனது போலவும் தென்கரை வளர்ந்தது போலவும்தான் தெரியும்.

ஏன் தள்ளியது? பிக்சல் அளவு ஒன்றாக இருப்பதும் கட்டம் ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. ஒரே கண் அளவுள்ள இரண்டு வலைகளை ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் முடிச்சோடு முடிச்சு பொருந்த வேண்டும் என்பதில்லை. லேண்ட்சாட்டில் பிக்சலின் மையம் 30-இன் மடங்கான யூடிஎம் ஆயத்தொலைவில் விழுகிறது. சென்டினல்-2-இல் பிக்சலின் மூலை அங்கே விழுகிறது. ஆக, கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் அரைப் பிக்சல், அதாவது 15 மீட்டர் வேறுபாடு. இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிடாமல் பக்கத்துப் பிக்சலை அப்படியே தூக்கி வைப்பது அண்மைப் பிக்சல் முறை. அதனால் அந்த 15 மீட்டரும் முழுதாகப் படத்தின் நகர்வாகிவிடுகிறது. வலை உலர்த்தும் மணல் திட்டே சில இடங்களில் அவ்வளவு அகலம்தான். அது கடலுக்குள் போய்விட்டது என்று வரைபடம் சொன்னால், அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு முடிவெடுப்பார்கள். எனக்கு இதில் இவ்வளவு அக்கறை அதனால்தான்.

செய்ய வேண்டியது: முதலில் ஒரு கட்டத்தை நிர்ணயம் செய்யுங்கள். மண்டலம், பிக்சல் அளவு, தொடங்கும் மூலை மூன்றையும் எழுதி வைத்து, எல்லாப் படங்களையும் அதற்குள் கொண்டுவாருங்கள். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், படத்தை மறுகட்டத்துக்கு மாற்றும் வார்ப் கருவியில் பிக்சல் அளவோடு எல்லையையும் அந்த மூலையிலிருந்து பிக்சல் அளவின் மடங்குகளிலேயே கொடுக்க வேண்டும். மூலப் படத்திலிருந்து ஒரே ஒரு முறைதான் மாற்ற வேண்டும்; மாற்றியதை மறுபடி மாற்றினால் கரையின் விளிம்பு ஒவ்வொரு முறையும் மழுங்கும். 10 மீட்டர் சென்டினலை 30-க்குக் கொண்டுபோகும்போது ஒன்பது பிக்சல்களின் சராசரியை எடுங்கள். லேண்ட்சாட் தரவு வெளியீடுகளில் பழைய தொகுப்பு 1 வேண்டாம், தொகுப்பு 2 போதும். சென்டினல்-2-இன் அடிப்படைப் படங்களோடு பொருத்தி இடத்துல்லியத்தைத் திருத்தியது அதுதான். இந்த வேலையெல்லாம் முடித்து இரண்டு செயற்கைக்கோள்களையும் ஒரே 30 மீட்டர் கட்டத்தில் நாசா எச்எல்எஸ் என்ற பெயரில் இலவசமாகவே தருகிறது. உங்கள் தேவைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

நீங்களே செய்வதானால் லேண்ட்சாட்டுக்குப் பைலீனியர் முறையை (சுற்றியுள்ள நான்கு பிக்சல்களின் எடையிட்ட சராசரி) சொல்வேன். இன்னும் அதிகப் பிக்சல்களை வளைகோட்டில் பொருத்தும் கியூபிக் முறை கூர்மையாகத் தெரியும். ஆனால் தனுஷ்கோடி போன்ற இடத்தில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. அண்மை அகச்சிவப்பு ஒளியில் பிரதிபலிப்பு (விழுந்த ஒளியில் திரும்பும் பங்கு) கடல்நீருக்கு 0.01, வெண்மணலுக்கு 0.34 என்று வையுங்கள். நீர், நீர், நீர், மணல் என்று வரிசையாக நான்கு பிக்சல்கள். நடுவிலுள்ள இரண்டு நீர்ப் பிக்சல்களுக்கு இடையே கியூபிக் முறையில் கணக்கிட்டால் −0.01 வருகிறது. எதிர்மறைப் பிரதிபலிப்பு இயற்கையில் கிடையாது. அந்த எண் நீரையும் நிலத்தையும் பிரிக்கும் நீர்க் குறியீட்டுக் கணக்குக்குள் போனால் கரையோரமாகவே ஒரு பொய்க் கோடு முளைக்கும்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் நிலவகையின் எண்ணைத் தரும் வகைப்பாட்டுப் படத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே அண்மைப் பிக்சல் முறை மட்டுமே. சென்டினல்-2-உடன் வரும் வகைப்படத்தில் 4 என்றால் தாவரம், 5 வெற்றுநிலம், 6 நீர். காரங்காட்டு அலையாத்திக் காட்டின் ஓரத்தில் 4-க்கும் 6-க்கும் பைலீனியர் சராசரி எடுத்தால் 5 வரும். காடும் நீரும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் இல்லாத மணல் கரை ஒன்று வரைபடத்தில் வந்துவிடும்.

அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டம் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாயல்குடிப் பக்கத்துக் கரையிலிருந்து தொண்டி வரை மாவட்டக் கடற்கரை முழுவதும் 78 டிகிரிக்குக் கிழக்கே, ஒரே யூடிஎம் மண்டலத்துக்குள் அடங்குகிறது. ஆகவே தேவையில்லை. கடல் வெப்பநிலைத் தரவோடு சேர்ப்பதாக இருந்தால் மட்டும் டிகிரிக்குப் போங்கள். அப்போது பரப்பளவில் கவனம்: நம் பக்கம் ஒரு டிகிரி அட்சம் சுமார் 110.6 கிலோமீட்டர், தீர்க்கம் சுமார் 109.9. எனவே 0.0001 டிகிரிக் கட்டம் ஒன்று ஏறத்தாழ 121 சதுர மீட்டர். அதை 100 என்று எண்ணி வாலிநோக்கம் உப்பளப் பரப்பைக் கூட்டினால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோகும்.

எல்லாம் முடிந்ததும் 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தை எல்லாப் படங்களிலும் பாருங்கள். ரயில் பாலத்தை எடுக்காதீர்கள்; 1914-இன் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதியதும் எழுந்திருப்பதால் குழப்பம் வரும். சாலைப் பாலம் படத்துக்குப் படம் இடம் மாறினால் கட்டம் இன்னும் சரியாகவில்லை. பாலம் அசையாமல் கரை மட்டும் மாறினால், படம் எடுத்த நேரத்து நீர்மட்டத்தையும் பருவத்தையும் ஒப்பிடுங்கள். இங்கே ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் தட்டையான மணலில் அதுவே கரைக்கோட்டை ஒரு பிக்சல் நகர்த்தப் போதும்.