நடக்காம போன நாளைக்கும் அழலாமா? கேள்வி பதில்

கேள்வி: மூணாம் மாசம் கலைஞ்சிடுச்சு. டாக்டர் குறிச்சுக் குடுத்த பிரசவ தேதி அடுத்த வாரம் வருது, போன் காலண்டர்ல இன்னும் அழிக்காம வச்சிருக்கேன். "அதான் சின்னதுலயே போயிடுச்சே"ங்கறாங்க. நான்தான் ஓவரா ஃபீல் பண்றேனா?

பதில்: இல்லவே இல்லம்மா. டெஸ்ட்ல ரெண்டு கோடு பார்த்த அன்னைக்கே மனசு பேரு தேட ஆரம்பிச்சிடும், யார் ஜாடைன்னு யோசிக்கும், ஸ்கூல் வரைக்கும் போயிடும், அது அத்தனையும் சேர்ந்துதான் போயிருக்கு. இப்படி மத்தவங்க கணக்குலயே எடுத்துக்காத துக்கத்தைப் பத்தி கென்னத் டோக்காங்கற அமெரிக்க துக்க ஆய்வாளர் 1989லயே எழுதியிருக்கார். அந்த தேதிய அழிக்கணும்னு அவசரமில்ல. முடிஞ்சா அன்னைக்கு லீவு போடுங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, அவருக்கும் உள்ளுக்குள்ள இருக்கும். இன்னொன்னு, படியேறினேன் வெயிட் தூக்கினேன்னு உங்க மேலயே பழி போட்டுக்காதீங்க. உறுதியான கர்ப்பத்துலயே நூத்துக்கு 10லேர்ந்து 20 வரைக்கும் கலையுது, ஆரம்பத்துல கலையறதுல சுமார் பாதி குரோமோசோம் கோளாறாலதான்.

கேள்வி: தம்பி விபத்துல போயிட்டான். அவன் ஃப்ரெண்ட்ஸ் கல்யாணப் பத்திரிகை வந்தாலே வயிறு எரியுது. இது பொறாமையா அண்ணா?

பதில்: பொறாமைன்னு நான் சொல்லமாட்டேன்ப்பா. மாப்பிள்ளைத் தோழனா அவன் நின்னிருப்பான்ல, அந்த இடம் உன் கண்ணுக்கு மட்டும்தான் காலியா தெரியுது. போக முடியலன்னா வாழ்த்து அனுப்பு, போதும். போயிட்டு பாதியில கிளம்பினாலும் தப்பில்ல. இப்ப அவனுக்கு என்ன வயசுன்னு மனசுக்குள்ள எண்றதும் சகஜம்தான், அதை நிறுத்தணும்னு மல்லுக்கட்டாத.

கேள்வி: யாரும் சாகல. நிச்சயம் வரைக்கும் வந்து நின்னு போச்சு. இதையெல்லாம் துக்கம்னு சொல்ல வாய் கூசுது.

பதில்: கூசாம சொல்லுங்க. ரெண்டு பேரா போட்ட பிளான் அத்தனையும் போயிருக்கு, அழ சாவு வீடாத்தான் இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல.

கேள்வி: துக்கத்துக்கு அஞ்சு ஸ்டேஜாமே, அதுல ஒண்ணான கோபமே எனக்கு வரல. எப்பதான் முடியும்?

பதில்: குப்ளர்-ராஸ்ங்கற மனநல மருத்துவர் 1969ல அதை எழுதினது சாகப்போற நோயாளிங்ககிட்ட பேசிப் பார்த்து, அதனால வரிசையா வரணும்னு காத்திருக்காதீங்க. ஒரு நாள் சிரிப்பீங்க, மறுநாள் உடைஞ்சு போவீங்க, அப்படித்தான் இருக்கும். ஆனா நெருங்கினவங்க இறந்து ஒரு வருஷம் தாண்டியும் கிட்டத்தட்ட தினமும் அதே ஏக்கம், வேலை எதுவும் ஓடலன்னா டாக்டரைப் பாருங்க, 2022லேர்ந்து அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுலயும் நீடித்த துக்கம்னு அதைத் தனியா சேர்த்திருக்காங்க. செத்துடலாம்னு தோணினா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாம இன்னைக்கே யார்கிட்டயாவது வாய்விட்டு சொல்லிடுங்க.