கிழிக்கட்டும், பிறகு மடிக்கலாம்

வணக்கம். நான்கு வயது மகளுக்கு ஏ4 தாளில் கப்பலும் தவளையும் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். பாதியிலேயே மடிப்பு கோணிக்கொள்கிறது. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு அழுகிறாள். பொறுமை போதவில்லையா, வயது போதவில்லையா?

ஒரு வாசகி

வணக்கம். பொறுமையில் குறையில்லை, தாள்தான் தோதில்லை. ஏ4 தாளை நான்கு முறை இரண்டாக மடித்தால் 16 அடுக்கு. பிஞ்சு விரலால் அதை அழுத்தி நீவ முடியாது. தவளை இன்னும் இரண்டு வருடம் காத்திருக்கட்டும்.

இப்போதைக்குப் பழைய செய்தித்தாளைக் கிழிக்கக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் தாளின் இரு முனைகளையும் பிடித்து இழுப்பார்கள், அது கிழியாது. இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி ஓரத்தைப் பிடித்து, ஒரு கையை முன்னுக்கும் மறு கையைப் பின்னுக்கும் நகர்த்த வேண்டும். முதலில் நீங்களே ஒரு செ.மீ. கத்தரித்துத் தொடக்கம் வைத்துக் கொடுக்கலாம். பத்தி ஓடும் வாக்கில், மேலிருந்து கீழாகக் கிழித்தால் நீள நீளமாக நேர் பட்டைகள் வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் தாள் உருளையில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படிந்துவிடுவதுதான் காரணம். இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும். மடிப்புக்கும் இதே கதைதான்: நார்வாக்கில் மடித்தால் பணியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும்.

பட்டை நேராக வரத் தொடங்கியதும் தொப்பி செய்யலாம். அவள் தலைக்கு ஒரு பக்கம் போதும், விரித்த முழுத்தாள் தோளுக்கு இறங்கிவிடும். பாய், மெத்தை வேண்டாம், மடிப்பு பதியாது. வெறுந்தரையில் வையுங்கள். கீழ் ஓரத்தைத் தூக்கி மேல் ஓரத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள், மடிப்பு அவள் பக்கம் வரும். மூலைகள் சேர்ந்த இடத்தை நீங்கள் பிடித்துக்கொள்ள, அவள் மடிப்பின் நடுவில் அழுத்தி இரு பக்கமும் நீவட்டும். ஒரு முனையிலிருந்து நீவினால் தாள் நழுவும். உங்கள் வீட்டில் கோணுவதும் அநேகமாக இதனால்தான்.

கடை பில் தாளை மட்டும் கொடுக்காதீர்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்த வழவழப்புத் தாளில் ரசாயனப் பூச்சு உண்டு. செய்தித்தாள் மை கையில் ஒட்டும், சாப்பிடுமுன் கை கழுவ வேண்டும்.

கிழித்த துண்டுகளை ஒட்ட, ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறிக் காய்ச்சுங்கள். பூச்சி வராமலிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடும் பசையில் கூடவே கூடாது. அது இல்லாத பசை மறுநாளே புளிக்கும், கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.