எந்தக் கியூ? – கடிதம்

அன்புள்ள சார்,

சொந்த ஊர் குன்னூர். வேலைக்காக பெங்களூரு வந்து இரண்டு வருடமாகிறது. கே.ஆர். புரத்தில் அறை. அல்சூர் பக்கம் ஒரு பார்லரில் வாரம் மூன்று நாள் ஸ்னூக்கர் ஆடுகிறேன். உங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். சொந்தமாக ஒரு கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், வாங்க ஆசை. பார்லரில் ஒரு பெரியவர், "ஒரே துண்டாக வரும் ஒன் பீஸ்தான் கியூ, மற்றதெல்லாம் குச்சி" என்கிறார். கடைக்காரர் மேப்பிள் மரத்தில் செய்ததைத் தள்ளிவிடப் பார்க்கிறார். அறை நண்பன், பையில் அடங்குகிற மாதிரி இரண்டாகக் கழற்றுவது போதும் என்கிறான். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குன்னூர்க்காரர் ஸ்னூக்கரைப் பற்றி என்னிடம் கேட்பது வேடிக்கைதான். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி ஆரம்பித்துவைத்த ஆட்டம், விதிகள் எழுதப்பட்டு ஒழுங்குக்கு வந்தது உங்கள் ஊருக்கு மேலே, ஊட்டி கிளப்பில். சரி, விஷயத்துக்கு வருவோம்.

மரம் எது என்பதெல்லாம் அப்புறம். பார்லருக்கு எதில் போகிறீர்கள்? ஒன் பீஸ் கியூ கிட்டத்தட்ட நாலே முக்கால் அடி. நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அதை வேல் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பழைய மெட்ராஸ் ரோட்டில் போனவன் நான். டின் ஃபேக்டரி சிக்னலில் ஒரு பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, மீன் பிடிக்கவா என்று கன்னடத்தில் கேட்டார். அடி விழும்போது ஒன் பீஸில் கைக்கு வரும் உணர்வு தனிதான், பெரியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பார்லரிலேயே பூட்டிவைக்க இடம் கிடைத்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

நண்பன் சொல்வது நடுவில் கழற்றுவது. பையில் அடங்கும், உண்மை. இணைப்பின் பித்தளை நட்ட நடுவில் உட்காருவதால் அடி எனக்கு மொண்ணையாகவே பட்டது. நீங்கள் வாங்க வேண்டியது திரீ குவார்ட்டர். அதில் இணைப்பு பிடிக்கும் கைக்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிடும், அதற்கப்பால் நுனிவரை ஒரே மரம். பெட்டி மூன்றரை அடிக்குச் சற்று மேலே இருக்கும், தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம்.

இனி மரம். ஆஷ் மரத்தில் ரேகை ஓடும். நுனிப் பக்கம் அது அம்பு முனைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். அந்த அம்புகளை மேலே வைத்துக் குனிந்தால் ஒவ்வொரு தடவையும் கியூவை ஒரே மாதிரி பிடிக்கிறோம் என்று தெரிந்துவிடும். பின்முனையில் ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கியிருப்பதும் இதற்கு உதவும், பார்க்காமலே உள்ளங்கை கண்டுபிடித்துவிடும். மேப்பிளில் ரேகை அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, வழவழவென்று இருக்கும். குறி பார்க்கும்போது கோடுகள் தொந்தரவு செய்கின்றன என்பவர்கள் அதை எடுக்கிறார்கள். எனக்குக் கோடு வேண்டும். உங்களுக்கு எது என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. பார்லர் கியூக்களில் இரண்டு மரமும் இருந்தால் ஒரு வாரம் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள்.

டிப், அதாவது பந்தில் படும் நுனித் தோல், 9.5 மில்லிமீட்டர், எடை 18 அவுன்ஸ், அதாவது 510 கிராம் அளவு. இதற்கு மேல் இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். பூல் என்ற வேறொரு மேஜை ஆட்டத்தின் கியூவை ஸ்னூக்கர் கியூ என்று யாராவது தலையில் கட்டினால் நுனியைப் பாருங்கள். அது 12, 13 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும். 52.5 மில்லிமீட்டர் ஸ்னூக்கர் பந்தை அதை வைத்து நுணுக்கமாக அடிப்பது கஷ்டம்.

கடையில் எல்லோரும் கியூவை மேஜையில் உருட்டிப் பார்ப்பார்கள். உருட்டுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். பின்முனையைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி பிடிப்பதுபோல நுனிவரை பார்த்து, மெதுவாகச் சுழற்றுங்கள். பிறகு இணைப்பை இறுக்கிவிட்டு, பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டிக் காது கொடுங்கள். கிடுகிடுவென்று சத்தம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள். பின்பக்கம் கருங்காலியா, சாயம் பூசிய மரமா என்பதில் விலை ஏறும், ஆட்டம் ஏறாது. உங்கள் 15,000 ரூபாயை அங்கே கொட்டாதீர்கள்.

ஸ்காட்லாந்து ஸ்னூக்கர் வீரர் ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு உலகப் பட்டங்களையும் சிறுவயதில் வாங்கிய ஒரு மலிவுக் கியூவில்தான் ஜெயித்தார். 2003-இல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. வாங்கியதும் ஒரு வருடம் மாற்றாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அவரும் ஒரு காரணம்.

இன்னொன்று, சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். வெயிலில் நின்ற கார் டிக்கியிலும் வேண்டாம். அந்த வேல் கியூவை ஒரு மழைக்காலம் முழுக்கச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன், வில்லாகிவிட்டது. இப்போது மொட்டைமாடியில், உயரக் கொடியில் ஈரத்துணி போட வீட்டில் அதைத்தான் எடுக்கிறார்கள்.