பதில்: கோடைக்குக் காரணம் தூரமா, சாய்வா?

மார்த்தாண்டத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் "சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை" என்று கண்காட்சி அட்டையில் எழுத, டீச்சர் அதை அடித்துவிட்டு "அச்சுச் சாய்வு" (பூமி சுழலும் அச்சு நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்திருப்பது) என்றாராம். அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

டீச்சர் சொன்னதுதான் சரி. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலையில் 15.2 கோடி. டெல்லி குளிரில் நடுங்கும்போதுதான் சூரியன் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது!

ஆனால் பையன் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரிதான் வடக்கே. வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் வராது. இங்கே பருவத்தைப் பிரித்துக் காட்டுவது இரண்டு மழைகள்தான்.

சாய்வால்தான் உச்சிச் சூரியன் வருடத்தில் வடக்கும் தெற்குமாக நகர்கிறது, சூரியன் பக்கம் சாய்ந்த பாதிக்குக் கோடை வருகிறது. இந்த நகர்வை அவன் கண்ணாலேயே பார்க்கட்டும். முற்றத்தில் ஒரு கம்பைச் செங்குத்தாக நடுங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், பகல் 12.20 வாக்கில், நிழல் காணாமல் போகும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளை நிழல் தெற்கே விழும், அப்புறம் வடக்கே. 23.4 டிகிரி சாய்வு இல்லாவிட்டால் வருடம் முழுக்க உச்சிவேளை நிழல் ஒரே அளவுதான்.

வியாழனின் சாய்வு 3 டிகிரிதான். பருவமே இல்லை எனலாம். செவ்வாயில் சாய்வு 25 டிகிரி, கூடவே பாதையும் நன்றாக நீள்வட்டம். அருகில் வரும்போது தொலைவில் இருப்பதைவிடச் சுமார் 45 சதவீதம் அதிக வெயில் அங்கே விழுகிறது. பூமிக்கு இது 7 சதவீதம்தான். அதனால் அட்டையைக் கிழிக்க வேண்டாம். "செவ்வாயில் தூரமும் சேரும்" என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள்.