கறுப்புத் திரை என்றாலே மதர்போர்டு போனதா?

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதினான். அதனால் ஜனவரியிலேயே அவனுடைய நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டேன். தேர்வு முடிந்து எடுத்துக் கொடுத்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. சார்ஜரில் போட்டும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துக் கடைத்தொகுதியில் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கி, பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, “மதர்போர்டு போய்விட்டது, 220 வெள்ளி ஆகும், இன்றே கொடுத்தால் 180” என்றார். என் தம்பி யூடியூப் பார்த்துத் தானே திறந்து பார்ப்பதாகச் சொல்கிறான். இத்தனை வருடம் விளையாடிச் சேர்த்ததெல்லாம் போய்விடுமோ என்று மகன் அழுகிறான். என்ன செய்யலாம்? – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அந்தக் கடைக்குத் திரும்பப் போகாதீர்கள். தம்பி கையிலிருக்கும் ஸ்குரூடிரைவரையும் வாங்கி வைத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: ஜனவரியிலிருந்து பூட்டியே கிடந்தது.

பிள்ளைகள் விளையாடி முடித்ததும் மேலே உள்ள பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். திரை அணையும், கருவி அணையாது, தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். சில வாரங்களில் பேட்டரி காலி. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கிடந்தால், பேட்டரி ‘காலி’ என்கிற நிலைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது சார்ஜரைச் செருகினால் உடனே பேட்டரிச் சின்னம்கூட வராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் செய்யுங்கள் என்று நிண்டெண்டோவே சொல்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம் என்றும் சொல்கிறது. அந்த எச்சரிக்கையை எந்த வீட்டில் படித்திருக்கிறார்கள்? வருடக் கடைசியில் என்னிடம் வரும் கறுப்புத் திரைகளில் பிஎஸ்எல்இ வீட்டுக் கருவிகள் நிறைய.

சார்ஜ் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கருவியை மேசையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரையின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது. அப்படியானால் சார்ஜே போடாதீர்கள், அழுத்தவும் வேண்டாம், நேராகப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். வீக்கம் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

பெட்டியோடு வந்த சார்ஜரையே எடுங்கள். அதன் மேல் சிறிய எழுத்தில் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் என்று இருக்கும். சுவரிலிருந்தும் கருவியிலிருந்தும் இரண்டு பக்கமும் கழற்றி, ஒரு நிமிடம் சும்மா வைத்திருங்கள். சார்ஜர் ஏதாவது தகராறில் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தால் இதில் சரியாகிவிடும். அப்புறம் நீட்டிப்பு ஒயர், மல்டிபிளக் எதுவும் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகி, மறுமுனையை நேராகக் கருவியில் செருகுங்கள். டாக் (கருவியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கி) வழியாக வேண்டாம். கேம் அட்டை, மெமரி கார்டு இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். மெத்தை மேல் வைக்காமல் கூடத்து மேசையில் வைத்து, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே சில மணி நேரம் விடுங்கள். கால் மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு ‘போச்சு’ என்று எடுப்பவர்கள்தான் அதிகம். கருவி வழக்கத்துக்கு மீறிச் சுட்டால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள்.

பிறகு, சார்ஜர் செருகியபடியே, பவர் பொத்தானை 12 வினாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடியுங்கள். விடுங்கள். கொஞ்சம் பொறுத்து ஒரே ஒரு முறை, சின்னதாக அழுத்துங்கள். உறைந்துபோன கருவி இதில் எழுந்துகொள்ளும். இரண்டாவது முறையும் நீளமாக அழுத்தினால், எழுந்து வருவதை நீங்களே மறுபடி அணைத்துவிடுவீர்கள்.

இதற்கும் திரை கறுப்பாகவே இருந்தால், கருவிக்கே உயிர் இல்லையா, உயிர் இருந்தும் படம் மட்டும் வரவில்லையா என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒலியைக் கூட்டிவைத்து, பவரைத் தட்டி, பக்கத்துப் பொத்தான் ஏதாவது ஒன்றை மூன்று முறை அழுத்தி, ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். பின்னால் சூடு ஏறுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அடுத்து டாக்கில் வைத்துத் தொலைக்காட்சியில் பாருங்கள். தொலைக்காட்சியில் படம் வந்தால் மதர்போர்டு பேச்சையே விட்டுவிடலாம். பழுது திரையிலோ, திரைக்குப் போகும் நாடா ஒயரிலோ, பின்னொளியிலோதான்.

டாக்கில் ஒரு பொறி இருக்கிறது. மூலச் சார்ஜர் தொலைந்த வீடுகளில் கைப்பேசிச் சார்ஜரை டாக்கில் செருகிப் பார்த்து, “டிவியிலும் வரவில்லை, ஆக போர்டுதான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்ப டாக்குக்கு 15 வோல்ட் வேண்டும். பல கைப்பேசிச் சார்ஜர்கள் அதைக் கொடுப்பதில்லை. கருவி நன்றாக இருந்தாலும் தொலைக்காட்சி கறுப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து டார்ச். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக, பேய் போல, சின்னங்கள் தெரிகிறதா? தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னால் இருக்கும் விளக்குதான் எரியவில்லை. அது பின்னொளிப் பழுது. அதற்குப் போர்டை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சோதனை ஓஎல்இடி திரைக்குச் செல்லாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டார்ச் சோதனையைக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாக் கருவியிலும் அதை அடித்துப் பார்த்துத் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஓஎல்இடி திரைக்குப் பின்னால் விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். ஒளிராவிட்டால் அங்கே டார்ச்சுக்குத் தெரிய ஒன்றும் இல்லை. உள்ளே விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் முழுக் கறுப்புதான். ஆகவே டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து ஓஎல்இடி கருவி செத்துவிட்டது என்று சொல்லவே கூடாது. அதற்குத் தொலைக்காட்சிச் சோதனையும் சத்தமும் மட்டுமே சாட்சி. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் கருவியை நிறுத்திவைக்கப் பின்பக்கம் விரியும் தாங்கு காலைப் பாருங்கள். ஒரு மூலையில் விரல் அகலத்துக்குச் சின்னக் கால் இருந்தால் பழைய ஸ்விட்ச், 6.2 அங்குலத் திரை, டார்ச் அடிக்கலாம். கருவியின் அகலம் முழுக்கப் பலகை போல விரியும் கால் இருந்தால் 2021 அக்டோபரில் வந்த ஓஎல்இடி, 7 அங்குலத் திரை, டார்ச்சை மறந்துவிடுங்கள். மாடல் எண்ணிலும் தெரியும்: பழையது எச்ஏசி-001 என்று தொடங்கும், ஓஎல்இடி எச்இஜி-001.

சரி, எல்லாம் செய்தும் சத்தம் இல்லை, சூடு இல்லை, தொலைக்காட்சியிலும் இல்லை. அப்போதும் வரிசை இதுதான்: முதல் சந்தேகம் பேட்டரி, அடுத்து சார்ஜ் துளை, அதற்கடுத்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப். சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்து, நடுவில் உள்ள நாக்கு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசி, பல்குச்சி எதையும் விடாதீர்கள். சிப்பில் அடிக்கடி போவது எம்92டி36 என்ற ஒன்று. தரமில்லாத டாக்கும் சார்ஜரும் அதற்கு எமன். 2018-ல் 5.0 மென்பொருள் வந்த சமயத்தில், வேறு நிறுவனங்களின் டாக்கில் வைத்த ஸ்விட்சுகள் செத்துப்போனதாக உலகமெங்கும் புகார் எழுந்தது. இந்தச் சிப்பைத் தனியாக எடுத்துவிட்டு வேறு சிப் வைக்கலாம். கை பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் பிரித்தறிய, சார்ஜருக்கும் கருவிக்கும் நடுவே செருகும் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி மீட்டர் ஒன்று போதும். எத்தனை வோல்ட், எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும். உங்கள் கடைக்காரர் அதைக்கூடச் செருகவில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்து மதர்போர்டு போனதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. “இன்றே கொடுத்தால் 180” என்பதும் ஈரச்சந்தையில் கடை கட்டும் நேரத்து மீன் விலை. இனி எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “மீட்டரில் எவ்வளவு இழுக்கிறது?” பதில் சொல்பவரிடம் பேசலாம். முறைப்பவரிடம் வேண்டாம்.

‘போர்டு’ என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? அதுதான் அவர்களுக்குச் சுலபம். சிப் வைக்க நுண்ணோக்கியும் நிதானமும் வேண்டும். வேறொரு செத்த கருவியிலிருந்து எடுத்த போர்டை மாட்ட ஸ்குரூடிரைவர் போதும். கருவி உயிரோடு வந்துவிடும், ஆனால் அதில் உங்கள் மகனுடையது எதுவும் இருக்காது.

உங்கள் மகன் கவலைப்படுவது சரியான இடத்தில்தான். விளையாட்டில் சேர்த்தவை மெமரி கார்டில் இருக்கின்றன என்று சில கடைகளில் அடித்துச் சொல்வார்கள். இல்லை. கார்டில் இருப்பது பதிவிறக்கிய விளையாட்டும் படங்களும். சேமித்த நிலை கருவியின் உள் நினைவகத்தில் இருக்கிறது, அந்த நினைவகம் அந்தக் கருவியின் மூலச் சிப்போடு பூட்டுப் போட்டது. நினைவகத்தைக் கழற்றி வேறு போர்டில் மாட்டினாலும் திறக்காது. பேட்டரி, திரை, சார்ஜ் துளை, சார்ஜ் சிப் எதை மாற்றினாலும் சேமிப்பு அப்படியே இருக்கும். போர்டை மாற்றினால் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் விளையாட்டுகள் கணக்கோடு சேர்ந்தவை, திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

நிண்டெண்டோவின் இணையச் சந்தா கட்டியிருந்தால் பல விளையாட்டுகளின் சேமிப்பு மேகத்திலும், அதாவது அவர்களுடைய இணையச் சேமிப்பகத்திலும், ஒரு பிரதியாக இருக்கும். ஆனால் ஜனவரியில் கருவியைப் பூட்டியபோது சந்தாவையும் நிறுத்தினீர்களா? சந்தா முடிந்த பிறகு 180 நாள் வரைக்கும்தான் திரும்பப் பெற உத்தரவாதம். தேதியை இன்றே பாருங்கள். கெடு தாண்டாவிட்டால் ஒரு மாதச் சந்தா கட்டுவது எந்தப் பழுதுபார்ப்பையும்விட மலிவு. “ஸ்விட்ச் 2 வாங்குங்கள், எல்லாம் மாறிவிடும்” என்று விற்பனையாளர் சொன்னாலும் ஏமாறாதீர்கள். மேகத்தில் பிரதி இல்லையென்றால், பழையதிலிருந்து மாற்றப் பழையது ஓட வேண்டும்.

இந்தக் கருவியை யாரிடமாவது அற்ப விலைக்கு, “உள்ளே நூறு விளையாட்டு இருக்கிறது” என்ற ஆசை வார்த்தையில் வாங்கினீர்களா? அப்படியானால் கதை வேறு. அது பூட்டுடைத்த கருவி, அதாவது திருட்டு விளையாட்டு ஓடுவதற்காக நிண்டெண்டோவின் பாதுகாப்பை உடைத்தது. அதில் கறுப்புத் திரை சகஜம், அதிகாரபூர்வச் சேவை அதைத் தொடாது, நானும் தொடுவதில்லை.

அதிகாரபூர்வச் சேவை என்றதும் ஒன்று. வாங்கிய ரசீதை எடுத்து அது லோக்கல் செட்டா (இங்குள்ள அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்தது), எக்ஸ்போர்ட் செட்டா (கடைக்காரர் வேறு வழியில் வரவழைத்தது) என்று பாருங்கள். நம் ஊரில் சில பத்து வெள்ளி மிச்சம் என்று எக்ஸ்போர்ட் செட்டைத் தலையில் கட்டுவார்கள். விளையாட்டு ஒரே மாதிரி ஓடும், ஆனால் உத்தரவாதம் கடைக்காரர் கொடுத்த அட்டை மட்டும். அந்தக் கடை மூடிவிட்டால் அட்டையைப் புத்தகக் குறியாக வைத்துக்கொள்ளலாம்.

குறையுள்ள பொருளை விற்ற கடையே அதற்குப் பொறுப்பு என்று சொல்லும் ‘லெமன்’ சட்டம் உதவாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. வருடக்கணக்கில் ஓடி, பூட்டி வைத்ததால் பேட்டரி வடிந்த கருவிக்கு அது பொருந்தாது. ஆனால் தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்லிக் காசு வாங்குவது, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற நடைமுறை. கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடலாம், சிறு உரிமைகோரல் நடுவர்மன்றத்துக்கும் போகலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 180 வெள்ளிக்காக யார் விடுப்பு எடுத்து, படிவம் நிரப்பி, விசாரணைக்குப் போய் உட்காருவார்? சில கடைகளின் வியாபாரமே அந்த நம்பிக்கையில் நடக்கிறது. அப்படியே உத்தரவு வாங்கினாலும், 2014-ல் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் ஒரு கைப்பேசிக் கடை, நடுவர்மன்றம் திருப்பித் தரச் சொன்ன ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியைச் சில்லறைக் காசாகக் கொட்டிக் கொடுத்தது நினைவிருக்கலாம். கைப்பேசி, கேம் கருவி பழுது பார்க்க ஒரு தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

தம்பிக்கு ஒரு வார்த்தை: மூடியைப் பிடித்திருப்பது சாதாரணத் திருகாணி இல்லை, மூன்று கால் திருகாணி. தவறான ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை தேய்ந்துபோகும், பிறகு திறப்பது பெரும்பாடு. பேட்டரியை உள்ளே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கத்தியால் நெம்பினால் தீப்பிடிக்கலாம்.

ஆகக் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், மெமரி கார்டையும் கேம் அட்டையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றி வையுங்கள். கருவியின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து, அதே எண்ணை ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். “திறந்து பார்க்கும் கட்டணம் எவ்வளவு, சரியாகாவிட்டால் அதைத் திருப்பித் தருவீர்களா?” என்று முதலிலேயே கேளுங்கள். ரசீதில் ‘போர்டை மாற்றக் கூடாது, என்னைக் கேட்காமல் உள் நினைவகத்தை அழிக்கக் கூடாது’ என்ற வரியும், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். எழுத மறுத்தால் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், அதே மாடியில் இன்னொரு கடை இருக்கும்.